ரயில் செட்டுக்குப் பெரிய அடாப்டர் போடலாமா? அவசரம்

சின்னரயில்:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குள் பலகை மேல் ஓட்டும் சின்ன ரயில் செட். இரண்டாவது எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்ததும் வேகம் விழுந்துவிடுகிறது, எதிர்ப்பக்க வளைவில் கிட்டத்தட்ட நின்றே போகிறது. பவர் போதவில்லை என்று நினைக்கிறேன். லேப்டாப் சார்ஜர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் போடலாமா? சனிக்கிழமை குழந்தைகள் வருகிறார்கள், அதற்குள் ஓட வேண்டும்.

மின்மினி:
எந்த ஸ்கேல், அதாவது ரயில் எந்த அளவு, எச்ஓவா? சாதா டிசியா, தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசியா? சுற்று எவ்வளவு நீளம்? அடாப்டர் மேலே அச்சடித்திருப்பதை அப்படியே எழுதுங்கள்.

பாயிண்ட்ஸ்மேன்:
தண்டவாளம் அழுக்காக இருக்கும், வேறொன்றுமில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். எஞ்சின் சக்கரங்களையும் விட்டுவிடாதீர்கள்.

பழையகார்டு:
வோல்ட் எது, ஆம்பியர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகு ரயில் ஓட்ட வரலாம். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் 19 வோல்ட் பக்கம் கொடுக்கும். எச்ஓ, அதைவிடச் சிறிய ‘என்’ (N) ஸ்கேல் இரண்டிலும் சாதா டிசி மோட்டார் 12 வோல்ட்டை நம்பிச் செய்தது. முன்பே எத்தனையோ தடவை எழுதியாயிற்று, தேடிப் படியுங்கள்.

கூட்ஸ்வண்டி:
ஆம்பியரையும் பாருங்கள். 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் மோட்டார் கருகிவிடும்.

மின்மினி:
அப்படி இல்லை. மோட்டார் தனக்குத் தேவையானதை மட்டும்தான் இழுக்கும். ஆபத்து வேறு இடத்தில். எஞ்சின் தடம் புரண்டால் உலோகச் சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிடும், உடனே ஷார்ட். தடுக்க எதுவும் இல்லையென்றால் அந்த 5 ஆம்பியரும் ஒரு சக்கரம் வழியாகவே பாயும், பிளாஸ்டிக் உருகும். 12 வோல்ட், 21 வாட் கார் பல்பு ஒன்றை வரிசையில் கோத்துவிட்டால் ஷார்ட் ஆகும்போது பல்பு எரியும், ஒயர் தப்பிக்கும். ஷார்ட்டில் மின்சாரத்தைத் தடுத்துவிட்டுப் பிறகு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் பாலிஃபியூஸும் நல்லதுதான்.

தடம்:
கார்டு ஐயா, அவர் உதவிதானே கேட்டார்? கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே.

சின்ன ரயில் நண்பரே, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலரை மாற்றுவதாக இருந்தால் பிடபிள்யூஎம் வகை வாங்குங்கள். மோட்டாருக்கு முழு வோல்ட்டையும் துண்டு துண்டாகக் கொடுப்பதால் எஞ்சின் குலுங்காமல் மெதுவாக ஊர்ந்து போகும்.

பழையகார்டு:
சுருளுக்குள் இரும்பு இல்லாத கோர்லெஸ் மோட்டார் உள்ள எஞ்சினில் அதைப் போட்டுச் சூடேற்றிவிட்டு வந்து கேட்பார்கள். சீரான டிசிதான் பாதுகாப்பு.

தடம்:
குறைந்த அதிர்வெண்ணில்தான் அந்தத் தொல்லை. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் ரீங்காரமும் கேட்காது, சூடும் பெரிதாக ஏறாது.

பழையகார்டு:
மலிவான கண்ட்ரோலரில் அதிர்வெண் எவ்வளவு என்று எங்கே எழுதியிருக்கிறது? காட்டுங்கள்.

சின்னரயில்:
எச்ஓ. டிசிதான், டிசிசி இல்லை. சுற்று ஏறக்குறைய 6 மீட்டர். ஒயர் ஒரே இடத்தில். அடாப்டரில் 12 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று இருக்கிறது.

மின்மினி:
இப்போது புரிகிறது. உங்களுக்கு இரண்டு பிரச்சினை, இரண்டையும் ஒரே அடாப்டர் தீர்க்காது.

எச்ஓ எஞ்சின் ஒன்று பெட்டிகளோடு ஓடும்போது கால் முதல் அரை ஆம்பியர் வரை இழுக்கலாம், சிக்கி நின்றால் இன்னும் அதிகம். இரண்டுக்கு 0.5 போதாது, 1.5 அல்லது 2 ஆம்பியர் வேண்டும். ஆனால் முதலில் கண்ட்ரோலரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அதன் அளவே 0.5 ஆம்பியர் என்றால் பின்னால் எவ்வளவு பெரிய அடாப்டர் செருகினாலும் கண்ட்ரோலர்தான் சூடாகிப் போகும், அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் வேகம் குறைவது வேறு கதை. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புகள் தளர்ந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வோல்ட் போய்விடும். ஒரே ஒரு எஞ்சினை ஓடவிட்டு, அது எதிர்ப்பக்கம் வரும்போது ஒயர் சேரும் இடத்திலும் அந்த வளைவிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயும் ஒரு ஜோடி ஒயர் கொண்டுபோய்ப் பற்றவையுங்கள். வெளித் தண்டவாளத்துக்கு வெளி ஒயர், உள்ளுக்கு உள். மாற்றிப் பிடித்தால் ஷார்ட்.

பாயிண்ட்ஸ்மேன்:
துடைத்துவிட்டு அளந்தால் இன்னும் நல்லது. அழுக்கு இருந்தால் எண்ணும் பொய் சொல்லும்.

கூட்ஸ்வண்டி:
ஷார்ட் பற்றி இவ்வளவு யோசித்ததில்லை. என் செட்டுக்கும் பல்பு போடப் போகிறேன்.

தடம்:
கார்டு ஐயா, அதிர்வெண் எழுதாத கண்ட்ரோலர் வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எழுதியிருந்தால்?

பழையகார்டு:
எழுதியிருந்தால் பார்க்கலாம்.

சின்னரயில்:
துடைத்தேன், அளந்தேன். எதிர்ப்பக்கம் 2 வோல்ட் குறைவு. ஒயர் இழுத்துவிட்டேன், ஒற்றை எஞ்சின் இப்போது சீராகச் சுற்றுகிறது. அடாப்டர் இன்னும் வாங்கவில்லை. நன்றி.

மின்மினி:
மகிழ்ச்சி. சனிக்கிழமை ஒரே எஞ்சினை ஓட்டுங்கள். வாங்கும் முன் கண்ட்ரோலர் எத்தனை வோல்ட் உள்ளே ஏற்கும், அடாப்டர் செருகும் பின்னின் (pin) நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.