பழைய பாய்மரப் படகு வாங்கப் போய்ப் பார்த்தவை: உங்கள் அனுபவம்?

கரைக்காற்று_குமார் (சவுத்தாம்ப்டன்):
70-களில் கட்டிய 30 அடி ஃபைபர் கிளாஸ் படகு. ஹாம்பிள் ஆற்றோரம் நின்றது. என்ஜின், பாய், மெத்தை எல்லாம் சுத்தம். கழிவறைக் கதவைச் சாத்திப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போய் மூடியது. திறக்கும்போதுதான் கண்ணில் பட்டது: கதவின் மேல் விளிம்பில் மட்டும் வார்னிஷ் இல்லை. வெள்ளை மரம். இழைப்புளி போட்டுச் சீவியிருக்கிறார்கள், அதுவும் சாய்வாக, பாய்மரம் இருக்கும் பக்கம் அதிகமாக.

இந்த வகைப் படகில் பாய்மரம் கூரைமேல்தான் நிற்கிறது. அதன் பாரத்தை உள்ளே ஒரு தூண் வாங்கி, அடியில் ஒரு மரக்கட்டை வழியாகக் கீலுக்கு, அதாவது படகின் அடியில் இருக்கும் பாரமான பகுதிக்கு, இறக்கும். கட்டை படகின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரில் ஊறி இற்றுப்போனால் தூண் இறங்கும், கூரை இறங்கும், கதவு பிடிக்கும். தரைப்பலகையைத் தூக்கிக் கட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது.

"வருஷா வருஷம் கொஞ்சம் சீவுவேன், ஈரத்தில் கதவு உப்பத்தானே செய்யும்" என்றார் பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் படகில்தான் கோடைதோறும் மனைவியோடு பிரான்சுக்குப் போய் வந்திருக்கிறார். அடுத்த வாரமே படகு விற்றுவிட்டது. வாங்கினவருக்கு அந்தக் கட்டையைக் காட்டினாரா என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

மெல்பர்ன்_மீனா:
குமார் அண்ணா, வாங்கினவர் படகைச் சோதித்துச் சொல்லும் நல்ல சர்வேயரை வைத்திருந்தால் அதைப் பார்த்திருப்பார். நிம்மதியாக இருங்கள்.

எனக்கு நடந்தது சீகாக்கில், அதாவது படகின் அடியில் கடல்தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் வால்வில். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கழுவி நிறுத்தியிருந்தோம். சர்வேயர் அடியில் இருந்த ஒரு குழாய் வாயைக் கத்தியால் சுரண்டினார். பித்தளை என்றால் மஞ்சளாக மின்ன வேண்டும். இது இளஞ்சிவப்பாக இருந்தது. உப்புத் தண்ணீரில் துத்தநாகம் கரைந்து வெளியேறி, பஞ்சுபோன செம்பு மட்டும் மிச்சம் என்றார். சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. இரண்டாவது தட்டில் வாய் உடைந்து விழுந்தது. நான் படகுக்குள் குனிந்து நின்றேன், ஓட்டை வழியாகக் கீழே யார்டின் சிமென்ட் தரை தெரிந்தது. உரிமையாளர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நேற்றுவரை தண்ணீரில்தானே மிதந்தது!" ஆமாம், மிதந்தது. அதுதான் எனக்குப் பயம். வெண்கலமா பித்தளையா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. சுரண்டித்தான் ஆக வேண்டும்.

மரப்படகுப் பக்கமே போகாதீர்கள். ஃபைபரிலேயே இவ்வளவு இருக்கிறது.

வல்வை_ஓடாவி_பேரன் (எசெக்ஸ்):
மீனா அக்கா, மரப்படகை ஒரே வசனத்தில தள்ளிவிட்டீங்கள். எங்கட வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி 1938-ல எங்கட ஊர் ஆக்களோடதான் அத்திலாந்திக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வாங்கின அமெரிக்கரும் ஓடித் திரிஞ்ச மரக்கப்பலைப் பாத்துத்தான் வாங்கினவர்.

மரம் உக்கிறது கடல் தண்ணியால இல்லை, மழைத்தண்ணியால. (கப்பல் புழு வேற விசயம், சூடான கடலில அதைக் கட்டாயம் பாக்கவேணும்.) நான் பாத்த படகில நீர்மட்டத்துக்குக் கீழ இருந்த பலகை எல்லாம் கல்லு மாதிரி. எல்லாரும் அங்கதான் குனிஞ்சு பாப்பினம். டெக்கும் பக்கப்பலகையும் சேருற மூலையில, புதுசாப் பெயின்ற் அடிச்ச இடத்தில, குத்தூசியை வைச்சன். அமத்தேல்லை, வைச்சதுதான். பிடி வரைக்கும் இறங்கிட்டுது. விக்கிறவர் என்ர கையையே பாத்துக்கொண்டு நிண்டார். அந்த மூலைக்கு ஏன் தனியாப் பெயின்ற் எண்டு நான் கேட்கேல்லை, அவரும் சொல்லேல்லை.

லங்காவி_செல்வம்:
இங்கே வெப்பத்தில் தேக்கு டெக்தான் பெரிய தலைவலி. 80-களின் தைவான் படகு ஒன்று, பார்க்க அவ்வளவு அழகு. தேக்குப் பலகை ஒவ்வொன்றையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். அடியில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே மரம் இருக்கும், ஸ்க்ரூ ஓட்டை ஒவ்வொன்றும் அதற்குத் தண்ணீர் போகும் வழி. பாய்மரத்தின் பக்கத்தில் காலை வைத்தேன், ஸ்க்ரூ தலையை மூடிய மரத்தக்கையின் ஓரத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. அன்றைக்கு மழையே இல்லை.

ஆனால் யாரும் என்ஜினைப் பற்றி எழுதவில்லையே! நீங்கள் போய்ச் சேருவதற்குள் விற்பவர் என்ஜினை ஓட்டி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். முன்கூட்டியே "ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பிளாக்கில் கை வையுங்கள். குளிர்ந்த டீசல் என்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை, காற்று போதாமல் இருக்கலாம், புரொப்பல்லரில் சிப்பி அடைத்திருக்கலாம். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. புகைக்குழாயில் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரும் சேர்ந்து வருகிறதா பாருங்கள், வர வேண்டும். ஆயில் குச்சியில் பால் கலந்த நிறம் இருந்தால், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். கயிறு கட்டிய நிலையிலேயே கியரில் போட்டுக் கொஞ்ச நேரம் பாரத்தோடு ஓட்டுங்கள், சும்மா ஓடும்போது எல்லா என்ஜினும் நல்ல என்ஜின்தான். செயில்டிரைவ் (என்ஜினிலிருந்து படகின் அடியைத் துளைத்து நேராகப் புரொப்பல்லருக்கு இறங்கும் கால்) இருந்தால் அதன் ரப்பர் சவ்வை எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். 7 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பது வோல்வோ பென்டா சொல்வது. அந்தச் சவ்வு கிழிந்தால் கடல் நேராக உள்ளே வரும்.

டொரன்டோ_ஆதவன்:
செல்வம் அண்ணன், என்ஜின் கெட்டால் பாய் இருக்கிறது. கீல் போனால் எதுவும் இல்லை. 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டன் திரும்பிய சீக்கி ரஃபிக்கி என்ற பாய்மரப் படகு நடு அத்திலாந்திக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது, நான்கு பேர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்பும் அடிப்பகுதியைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. உள்ளே தாங்கு சட்டத்தின் ஒட்டு விட்டிருந்தாலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஃபைபரில் தண்ணீர் ஊறி எழும் ஓஸ்மோசிஸ் கொப்புளத்துக்குப் பயந்து படகை வேண்டாம் என்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. கொப்புளத்தால் படகு மூழ்குவது அபூர்வம்.

இங்கே ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் பே முழுக்கப் பாறை. நான் பார்த்த படகின் சொந்தக்காரர் ஒருமுறைகூடத் தட்டியதில்லை என்றார். கிரேன் பட்டையில் தொங்கும்போதே பார்க்க வேண்டும் என்று கேட்டு நின்றேன். இறக்கி வைத்தால் படகின் எடையில் விரிசல் மூடிக்கொள்ளும். அடிப்பாகம் எல்லாம் காய்ந்த பிறகும் கீல் சேரும் கோட்டின் முன்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, துருவின் நிறத்தில். உள்ளே போய்க் கீலின் பின்முனைக்கு நேர் மேலே தரைச்சட்டத்தைப் பார்த்தேன், குறுக்கே மயிரிழை விரிசல். கீலின் முன்பக்கம் பாறையில் இடித்தால் பின்முனைதான் மேலே எம்பும்.

வல்வை_ஓடாவி_பேரன்:
கீலைப் பிடிச்சிருக்கிற போல்ட் ஒண்டைக் கழட்டிப் பாக்க விடேல்லையோ? தேய்மானம் நடுவிலதான் இருக்கும், தலையைப் பாத்து ஒண்டும் சொல்லேலாது.

டொரன்டோ_ஆதவன்:
கேட்டேன். கழற்றிய போல்ட்டுக்குப் பதில் புதிது என் செலவில் என்றும் சொன்னேன். சம்மதிக்கவில்லை. கிரேன் கூலியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.