பொள்ளாச்சி – வால்பாறை சாலையில் நீங்கள் பார்த்தது என்ன?

தோட்டத்துப் பேத்தி:
மாநில நெடுஞ்சாலை 78. ஆழியாறு தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும், மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். போன மாசம் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். 9ஆவது வளைவில் டிரைவர் அண்ணன் சட்டென்று வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினையும் அணைத்துவிட்டார். கைப்பிடிச் சுவர் மேல் ஒரு வரையாடு, காலடியில் குட்டி. ஜன்னலுக்கும் அதற்கும் நாலு முழம்கூட இருக்காது. சுவர்க் கல்லை நக்கிக்கொண்டே எங்களை ஒருமுறை பார்த்தது. கண்ணில் கருமணி படுக்கைவாட்டில் கோடு போட்ட மாதிரி இருந்தது. "அது எறங்கட்டுங்க, நமக்கென்ன அவசரம்" என்றார் அண்ணன். குட்டி குதித்து இறங்கும்வரை பஸ்ஸில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அந்த வளைவுக்கு, பாதையை வகுத்த லோம் என்பவரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மேலே போனால் ரோட்டோரம் கார்வர் மார்ஷ் சிலை. 1890களில் இங்கே தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பாட்டி நினைவுதான். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவர, சின்னப் பெண்ணாக மலையேறி, சாகும்வரை கொழுந்து பறித்தவர். தேயிலைக்கும் காப்பிக்கும் காட்டை அழித்தது போக, அங்கங்கே துண்டு துண்டாகச் சோலைக்காடு மிச்சம். நாம் பார்க்கிற மிருகமெல்லாம் அந்தத் துண்டுகளுக்கு நடுவில் ரோட்டைத் தாண்டித்தான் பிழைக்கிறது. தயவுசெய்து பிஸ்கட், சிப்ஸ் போடாதீர்கள்.

ஆனைமலைக்காரன்:
உண்மைங்க அக்கா. வால்பாறை பக்கம் புதுத்தோட்டம் எஸ்டேட்ல சிங்கவால் குரங்குக் கூட்டம் பார்த்தேன். பழைய தீயணைப்புக் குழாய்ல பாலம் மாதிரி ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் கட்டிருக்காங்க. ஒரு தாய், வயித்தக் கட்டிப் புடிச்சிருந்த குட்டியோட அதுல நிதானமா நடந்து போச்சு. கீழ லாரி போய்ட்டு இருந்துச்சு.

எஸ்டேட் டிரைவர்:
நான் ராத்திரி வண்டி ஓட்டுறவன். யானை பக்கத்துல இருந்தா தோட்டத்து ரோட்டுல சிவப்பு விளக்கு மின்னும், போனுக்கும் தகவல் வரும். ஒருநாள் விளக்கப் பார்த்து நிறுத்திட்டேன். பத்து நிமிஷம் ஒண்ணுமே தெரியல. அப்புறம் தேயிலைச் செடி சரசரன்னுச்சு. மூணு பெருசு, நடுவுல ஒரு குட்டி. ஹெட்லைட்ட அணைச்சிட்டு ஸ்டியரிங்க கெட்டியா புடிச்சிட்டு உக்காந்திருந்தேன்.