கடலோர டவருக்கு எந்த ஃபைபர் கனெக்டர்?

பருத்தித்துறையில் கடலை ஒட்டி நிற்கிற டவர் ஒன்றில், மேலே உள்ள ஆர்ஆர்யூவுக்கு (அன்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்கிற ரேடியோ பெட்டி) போகிற ஃபைபர் லிங்க் மழை பெய்தால் விழுகிறது, வெயில் வந்தால் தானாக எழும்புகிறது. கார்த்திகை மழையோடு தொடங்கின கரைச்சல். ஃபைபர் சிங்கிள்மோட்; கனெக்டர் டூப்ளெக்ஸ் எல்சி (இரண்டு ஃபைபர் சேர்ந்த சிறிய முனை), அதைச் சுற்றி ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) ஓடிவிஏ வகை வெளிக்கூடு. முனையைத் துடைத்தோம், பேட்ச் கேபிள் மாற்றினோம், எஸ்எஃப்பியும் (ஃபைபர் செருகுகிற ஒளி மொட்யூல்) மாற்றியாச்சு, சரிவரவில்லை. கழற்றினால் ரப்பர் வளையத்துக்கு உள்ளே ஈரம், உலோகக் கூட்டில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி அரிப்பு. ஐபி67 தூசிக்கும் தண்ணீருக்கும்தான், உப்புக்காற்றுக்கு அது உத்தரவாதம் இல்லையே. ஃபுல்ஆக்ஸ் என்கிற வேறு வகைக் கனெக்டர் போடச் சொல்கிறார்கள், எங்கள் ஆர்ஆர்யூ வாய்க்கு அது பொருந்தாது.

கடற்கரை டவர்களில் வேலை செய்த ஆக்கள் சொல்லுங்கோ: ஓடிவிஏயிலேயே பிளாஸ்டிக் கூடு போடுவதா, துருப்பிடிக்காத எஃகா, எது உப்புக்குத் தாங்கும்?