ஜிப்ஸியில் ஜி16பி எஞ்சின்: ரப்பர் மவுண்டிங்கா, பியூ மவுண்டிங்கா?

சரிவுப்பாதை413:

வணக்கம். வண்டி மாருதி ஜிப்ஸி கிங், எம்ஜி413. 1.3 லிட்டர் ஜி13பிபி-யை இறக்கிவிட்டு, பழைய பலேனோ செடானில் வந்த 1.6 லிட்டர் ஜி16பி ஏற்றியாயிற்று. கியர்பாக்ஸ், முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டும் ஜிப்ஸியுடையதே. எஞ்சினைச் சேஸிஸில் தாங்கும் மவுண்டிங்காக முதலில் கம்பெனி ரப்பர்தான் இருந்தது. முதல் கியரில் கிளட்சை விடும்போது எஞ்சின் எகிறியது, கிளட்ச் உதறியது, கடைசியில் இடது பக்க ரப்பர் தகட்டிலிருந்து பிய்ந்துவிட்டது. அதனால் இரண்டு பக்கமும் பாலியூரித்தேன் (பியூ) புஷ், கடினம் 80ஏ ஷோர் (எண் கூடினால் கடினம் கூடும்), லேத்தில் கடைந்து போட்டோம். கியர்பாக்ஸ் மவுண்டிங் மட்டும் பழைய ரப்பர்.

எகிறுவது நின்றது. ஆனால் 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் ஸ்டியரிங், சீட், கதவு எல்லாம் நடுங்குகிறது. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கலாகத் தெரிகிறது. இது தவிர 50, 60 கி.மீ. வேகத்தில் வேறு மாதிரி ஓர் அதிர்வு. ஆக்ஸிலேட்டரை விட்டாலும், நியூட்ரலில் உருட்டினாலும் போகவில்லை. எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி (சம்ப்) முன் ஆக்ஸிலில் இடித்ததால் எஞ்சின் மவுண்டிங்கை 20 மி.மீ. உயர்த்தியிருக்கிறோம்.

60ஏ பியூவுக்கு இறங்கலாமா, இல்லை திரும்ப ரப்பருக்கே போகலாமா? வண்டி மலைக்கும் போகும், ஊருக்குள்ளும் ஓடும்.

அதிர்வெண்:

இரண்டு அதிர்வையும் முதலில் பிரித்துவிடுங்கள். ஐடிலிங்கில் வருவது மவுண்டிங்கால். 50, 60-ல் வருவது அநேகமாக மவுண்டிங்கே இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 800 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 26.7 முறை, அதாவது 26.7 ஹெர்ட்ஸ். மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கும் தானாக ஆடும் ஓர் அதிர்வெண் உண்டு. வெடிப்பு அதிர்வெண்ணை 1.41-ஆல் வகுத்தால் வரும் எண்ணுக்குக் கீழே அது இருந்தால்தான் மவுண்டிங் அதிர்வைத் தடுக்கும். இங்கே அந்த எல்லை 18.9 ஹெர்ட்ஸ்.

50ஏ அளவில் உள்ள நல்ல ரப்பரில் எஞ்சின் 10 ஹெர்ட்ஸ் பக்கம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐடிலிங் அதிர்வில் சுமார் ஆறில் ஒரு பங்குதான் சேஸிஸுக்குப் போகும். அதே வடிவத்தில் 80ஏ போட்டால் விறைப்பு ஏறத்தாழ நாலு மடங்கு. அதிர்வெண் இரண்டு மடங்காகி 20-க்கு வந்துவிடும். எல்லையைத் தாண்டியாயிற்று. இப்போது மவுண்டிங் அதிர்வைத் தடுக்கவில்லை, 1.28 மடங்காகப் பெருக்கி அனுப்புகிறது. பொருளின் தணிப்பைச் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

ஐடிலிங்கை 1000-க்கு ஏற்றிப் பாருங்கள். இதே கணக்கில் அந்த 1.28 பாதிக்கும் கீழே, 0.56-க்கு இறங்க வேண்டும். பளிச்சென்று குறைந்தால் காரணம் மவுண்டிங்கின் விறைப்புதான். குறையவில்லை என்றால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, அல்லது எஞ்சின் எங்கேயோ சேஸிஸைத் தொடுகிறது.

லேத்துமேடை:

சார் சொன்ன கணக்கு சரிங்க. ஆனா புஷ்ஷோட ஷோர் நம்பரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. லேத்துல கடைஞ்ச பியூல நான் முதல்ல பாக்கறது நடுவுல போற இரும்புக் குழாய். போல்ட் இறுக்கும்போது அந்தக் குழாய்தான் இறுகணும், பியூ இறுகக் கூடாது. குழாய் பியூவை விட அரை மி.மீ.லேர்ந்து 1 மி.மீ. வரைக்கும் நீளமா இருக்கணும். குட்டையாப் போச்சுன்னா பிராக்கெட்டோட ரெண்டு காதும் சேர்ந்து பியூவை நசுக்கிடும். அப்புறம் அது 60ஏவா இருந்தா என்ன, 80ஏவா இருந்தா என்ன, இரும்பு மவுண்டிங் மாதிரிதான் வேலை செய்யும். கழட்டி வெர்னியர்ல அளந்து பாருங்க. பியூவோட ஓரம் பிதுங்கி வெளிய வந்திருந்தா அளக்கவே வேண்டாம், குட்டைதான்.

இன்னொண்ணு, ரெண்டு எஞ்சின் மவுண்டிங்கும் கல்லு மாதிரி, கியர்பாக்ஸ் மட்டும் பழைய ரப்பர். இது பெரிய ஆபத்து இல்லை. தலைகீழா, எஞ்சின் ரப்பர்ல ஆடி கியர்பாக்ஸ் மட்டும் பியூல பிடிச்சுக்கிட்டா, முறுக்கு முழுக்க கியர்பாக்ஸோட அலுமினியக் காதுல வந்து நிக்கும். காது உடையறதும், ஹவுசிங் கீறல் விடறதும் அப்படித்தான். அதனால எதை மாத்தினாலும் பின்னாடி முன்னாடியை விட கடினமா இருக்கக் கூடாது. உங்க பழைய ரப்பரையும் இப்பவே மாத்திடுங்க. எண்ணெய் குடிச்சு ஊதியிருக்கும்.

சரிவுப்பாதை413:

பார்த்தாயிற்று. 1000 ஆர்பிஎம்-ல் அதிர்வு நன்றாகவே குறைகிறது. உள் குழாய் இடது பக்கம் பியூவின் மட்டத்துக்குச் சமம், வலது பக்கம் கிட்டத்தட்ட 1 மி.மீ. குட்டை. குழாயைச் சரிசெய்துவிட்டு 60ஏ போட்டால் போதுமா?

மலைப்பாதை:

60ஏ போட்டால் ஐடிலிங் பரவாயில்லை என்கிற அளவுக்கு வரும், நல்லா இருக்குன்னு சொல்லும் அளவுக்கு வராது. அதற்குள் ஓடுவதற்கு முன், முதலில் போட்ட ரப்பர் ஏன் பிய்ந்தது என்று பாருங்கள் ப்ரோ. அது பிய்ந்தது ரப்பர் மென்மையாக இருந்ததால் இல்லை.

இந்த எஞ்சின் முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறது. எதிர்விசையில் பிளாக் எதிர்ப்பக்கம் உருளும்: வலது மவுண்டிங் அமுங்கும், இடது மவுண்டிங் மேலே இழுபடும். ரப்பர் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. தகட்டோடு ஒட்டிய இடத்தில்தான் விடும்.

எவ்வளவு விசை என்று பாருங்கள். ஜி16பி சுமார் 130 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஜிப்ஸியின் முதல் கியர் சுமார் 3.65. டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகத் தொங்குவதால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து தாங்க வேண்டியது இந்தப் பெருக்கல் மட்டும்: 475 நியூட்டன் மீட்டர். இரண்டு மவுண்டிங்குக்கும் நடுவே 450 மி.மீ. என்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 1050 நியூட்டன், கிட்டத்தட்ட 107 கிலோ. கியர்பாக்ஸ் மவுண்டிங் இதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், பெரும்பங்கு முன்னால்தான். இடது மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கும் எடை 50, 60 கிலோதான் இருக்கும். அதையும் தூக்கி மிச்சமும் இழுக்கிறது. பழைய ஜி13பிபி சுமார் 103 நியூட்டன் மீட்டர். நீங்கள் அதன் மேல் கால் பங்கு கூட்டியிருக்கிறீர்கள். பாறையில் சக்கரம் வழுக்கிச் சட்டென்று பிடித்தால் இதுவே இரண்டு மடங்கும் ஆகும்.

ஆக ரப்பருக்குத் தேவை கடினம் இல்லை, எல்லை. மவுண்டிங் மென்மையாகவே இருக்கட்டும். குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் எழாமல் பிடிக்க ஒரு தடுப்பு வையுங்கள். 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1965 முதல் 1969 வரையிலான 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஷெவர்லே கார்களைத் திரும்ப அழைத்தது இதே கோளாறுக்குத்தான். இடது மவுண்டிங் பிரிந்து எஞ்சின் எழும்பினால் ஆக்ஸிலேட்டர் தானாகத் திறந்துகொண்டது. அத்தனை வண்டிக்கும் அவர்கள் புது மவுண்டிங் மாற்றவில்லை. எஞ்சின் எழாமல் பிடிக்க ஒரு கம்பிவடம் கட்டினார்கள். உங்கள் ஜிப்ஸியிலும் ஆக்ஸிலேட்டர் கேபிள்தான், மறக்க வேண்டாம்.

கிளட்ச் உதறலும் இதே கதை. கிளட்சும் கேபிள். எஞ்சின் எழும்பும்போது கேபிளின் வெளி உறை இழுபடும், கிளட்ச் லேசாகத் திறக்கும், எஞ்சின் இறங்கும், திரும்பப் பிடிக்கும். டிஸ்க் மாற்றினாலும் இந்த உதறல் போகாது.

லேத்துமேடை:

தடுப்பு எப்படிச் செய்யறதுன்னு சொல்லிடறேன். இடது பக்கம் எஞ்சின் பிராக்கெட்ல இருந்து ஒரு எம்10 போல்ட், 8.8 கிரேடு, சேஸிஸ் பிராக்கெட்ல 16 மி.மீ. ஓட்டை வழியா கீழ இறங்கணும். கீழ 80ஏ பியூ வாஷர், அதுக்கு அடியில 4 மி.மீ. இரும்பு வாஷர், நைலாக் நட்டு. எஞ்சின் உக்காந்த நிலையில பியூ வாஷருக்கும் பிராக்கெட்டுக்கும் 6லேர்ந்து 8 மி.மீ. இடைவெளி விடுங்க. ஐடிலிங்ல தொடவே தொடாது, கிளட்சை விடும்போது மட்டும் போய் முட்டும். கையில இருக்கற 80ஏ புஷ்ஷை அறுத்தே இந்த வாஷர் எடுத்துக்கலாம். வலது பக்கம் வேண்டியதில்லை, ரிவர்ஸ்ல அடிக்கடி பாறை ஏறினா அங்கயும் ஒண்ணு போடுங்க.

பிராக்கெட்டுக்கு 6 மி.மீ. எம்எஸ் தகடு, மூலைக்கு முக்கோண கசெட் (முட்டுத் தகடு) கட்டாயம். ரப்பரை மாட்டி வச்சு வெல்டிங் அடிக்காதீங்க. சூட்டுல ஒட்டு அப்பவே செத்துடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. மவுண்டிங் உயரத்துக்கு ஒரு இரும்புக் கட்டை வெட்டி அதை வச்சு டேக் (புள்ளி வெல்டிங்) அடிங்க. கட்டையை ரப்பரோட சும்மா இருக்கற உயரத்துக்கு வெட்டக் கூடாது. எடை ஏறினா ரப்பர் 3லேர்ந்து 5 மி.மீ. அமுங்கும், அதைக் கழிச்சுத்தான் வெட்டணும்.

செம்மண்சாலை:

பியூவை அடியோடு ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறும். ஹெட் கவர் கசியும் பழைய ஜி சீரிஸ் எஞ்சினுக்குக் கீழே அது எத்தனை நாள் தாங்கும்? பியூவுக்கு எண்ணெய் ஒன்றும் செய்யாது. சேற்றில், தண்ணீரில் ஓடும் வண்டிக்கு 60ஏ பியூவே போதுமானது.

அதிர்வெண்:

எண்ணெய் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதற்கு மருந்து கசிவை நிறுத்துவது. முடியாவிட்டால் இயற்கை ரப்பருக்குப் பதில் நியோப்ரீன் மவுண்டிங் வாங்கலாம். தண்ணீர் என்றால் பியூவிலும் வகை பார்க்க வேண்டும். எஸ்டர் வகை பியூ ஈரத்திலும் சூட்டிலும் நாளடைவில் உதிரும். ஈதர் வகை தாங்கும். லேத்துக்கு வரும் பியூ கம்பியில் எது என்று கடைக்காரரே பல நேரம் சொல்ல மாட்டார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கத்து மவுண்டிங் எதுவானாலும் 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு வெப்ப மறைப்பு, 15 மி.மீ. இடைவெளியோடு, கட்டாயம் வேண்டும். 90 டிகிரிக்கு மேல் தொடர்ந்து காய்ந்தால் ரப்பரும் போகும், சாதாரண பியூவும் போகும்.

பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டி என்றால் நானும் பியூவைத்தான் சொல்வேன். ஊருக்குள் சிக்னலில் நிற்கிற வண்டிக்கு 50 முதல் 55ஏ ரப்பரும் தடுப்பும்.

இனி 50, 60 கி.மீ. அதிர்வு. நியூட்ரலில் உருட்டியும் போகவில்லை என்றால் எஞ்சினை விட்டுவிடுங்கள். எஞ்சினை முன்பக்கம் மட்டும் 20 மி.மீ. தூக்கியிருக்கிறீர்கள். எஞ்சின் மவுண்டிங்குக்கும் கியர்பாக்ஸ் மவுண்டிங்குக்கும் 700 மி.மீ. என்றால் கியர்பாக்ஸின் பின்முகம் 1.6 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டது. அதற்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே ஓடும் குட்டை ஜாக் ஷாஃப்ட்டின் இரண்டு ஜாயின்ட்டும் இப்போது வெவ்வேறு கோணத்தில் இருக்கின்றன. ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சமன்செய்ய முடியாது.

உறுதிப்படுத்த ஒரு வழி. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். கியர்பாக்ஸை நாலாவது கியரில் போட்டு கிளட்சை மெதுவாக விட்டு எஞ்சின் வேகத்தை ஏற்றுங்கள். ஜாக் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், முன் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் நிற்கும். அதே அதிர்வு வந்தால் ஜாக் ஷாஃப்ட்தான். யாரும் கீழே படுத்துப் பார்க்கக் கூடாது.

சரிவுப்பாதை413:

வருகிறது, அதே அதிர்வுதான். கியர்பாக்ஸுக்கு அடியிலும் 20 மி.மீ. தகடு வைத்து உயர்த்திவிடலாமா?

மலைப்பாதை:

உயர்த்தினால் இரண்டு முகமும் இணையாகும். ஆனால் இவ்வளவு குட்டையான ஷாஃப்ட்டில் கோணம் கூடிவிடும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும். கியர் லீவரும் தரையில் இடிக்கப் பார்க்கும். சம்ப்பை வெட்டி ஆக்ஸிலுக்கு இடம் விட்டு, எஞ்சினைப் பழைய உயரத்துக்கு இறக்குவதுதான் சரி. வெட்டும்போது ஆயிலை உறிஞ்சும் சல்லடையான ஸ்ட்ரெய்னரின் உயரத்தையும் மாற்ற வேண்டும். சம்ப் அடித்தட்டுக்கும் அதற்கும் 8 முதல் 10 மி.மீ. இருக்கட்டும். ஆக்ஸில் முழுக்க மேலே வந்து பம்ப் ஸ்டாப்பில் முட்டிய நிலையில் இடைவெளியை அளந்து பாருங்கள், நின்ற நிலையில் அளந்தால் ஏமாற்றும். இறக்கிய பிறகு கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டின் ஃபிளாஞ்சிலும் ஆங்கிள் கேஜ் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் 1 டிகிரிக்குள் வர வேண்டும்.

எஞ்சின் நம்பர் மாறியதை ஆர்சி-யில் ஏற்றினீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதில் நேரடியாக இடிக்கும். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சரிவுப்பாதை413:

ஆர்டிஓ-வில் கேட்கிறேன். சம்ப் வேலையை முதலில் முடிக்கிறேன். பிறகு புது ரப்பர், இடது பக்கத் தடுப்பு. போல்ட் இறுக்கும் வரிசை ஏதாவது உண்டா?

லேத்துமேடை:

உண்டுங்க. எல்லா போல்ட்டையும் கையால மட்டும் போடுங்க. ஜாக்கியை எடுத்து எஞ்சின் எடை முழுசா இறங்கினதும் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விடுங்க, ரப்பர் தானா நேராகும். நிறுத்திட்டு முதல்ல எஞ்சின் மவுண்டிங் ரெண்டும், எம்10 8.8-க்கு 45 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் மவுண்டிங் கடைசி. அதை முதல்ல இறுக்கிட்டா எஞ்சின் கோணலா நின்னு ரப்பர் முறுக்கிக்கிட்டே இருக்கும். அதுக்கப்புறம்தான் தடுப்போட இடைவெளியை வைக்கணும்.

ரப்பர்னா எஞ்சின் ஆடும், அதனால ஃபேனுக்கும் ஷ்ரவுடுக்கும் 25 மி.மீ. விடுங்க, எக்ஸாஸ்ட்ல ஃபிளெக்ஸ் பைப் இல்லைன்னா ஒண்ணு வையுங்க. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் எர்த் ஸ்ட்ராப் போடுங்க, ரப்பர் வழியா எர்த் வராது. அது இல்லைன்னா ஸ்டார்ட்டர் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியா ஓடி கேபிளை எரிச்சிடும். 500 கி.மீ. ஓடினதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை டார்க் ரெஞ்ச்ல பாத்துட்டு, தடுப்போட இடைவெளியையும் திரும்ப அளந்துக்கோங்க. புது ரப்பர் கொஞ்சம் உக்காரும், 1 மி.மீ. மாறியிருக்கும்.