லேசர் பவர் ஏறினால் நாய்ஸும் ஏறுகிறது: இது குவாண்டம் பேக்-ஆக்‌ஷனா?

கேள்வி:
கேவிட்டிக்குள் (இரு கண்ணாடிகளுக்கு இடையே ஒளி அடைபடும் இடம்) சிலிக்கான் நைட்ரைடு மெம்பிரேன் (மெல்லிய சவ்வு). அதிர்வு 1 மெகாஹெர்ட்ஸ், க்யூ (அதிர்வு எவ்வளவு மெதுவாகத் தணிகிறது என்பதன் அளவு) 10⁷, வெப்பநிலை 4 கெல்வின். கேவிட்டி அகலம் 1 மெகாஹெர்ட்ஸ், லேசர் 1064 நானோமீட்டர், ஹோமோடைன் ரீட்-அவுட் (வெளிவரும் ஒளியை இன்னொரு கற்றையோடு கலந்து அளப்பது). பவரை ஏற்றினால் ஷாட் நாய்ஸ் (போட்டான்கள் தனித்தனியாக வருவதால் வரும் அளவீட்டு நாய்ஸ்) தளம் இறங்குகிறது, ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் மெம்பிரேன் அதிர்வே கூடுகிறது. குவாண்டம் பேக்-ஆக்‌ஷனைத் (போட்டான்கள் ஒழுங்கின்றித் தள்ளுவதால் மெம்பிரேன் அதிர்வது) தொட்டாச்சு என்று வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
அவசரப்படாதீங்க. 4 கெல்வினில் இந்த அதிர்வுக்கு வெப்ப போனான் (அதிர்வு ஆற்றலின் குவாண்டம்) சுமார் 83,000. பேக்-ஆக்‌ஷன் அதற்குச் சமமாக வர, பவரோடு பெருகும் ஒளி-மெம்பிரேன் இணைப்பு வீதம் (2π-ஆல் வகுத்தது) சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். உங்களுடையது 5 கிலோஹெர்ட்ஸ்தான் என்றால் பேக்-ஆக்‌ஷன் ஒரு சதவீதம்கூட வராது.

அடுத்து, ஸ்பெக்ட்ரத்தில் மெம்பிரேன் அதிர்வு காட்டும் பீக்கின் பரப்பை அதன் அகலத்தால் பெருக்கி, பவருக்கு எதிராக வரையுங்க. பரப்பை மட்டும் பார்த்தால், லேசர் கொஞ்சம் சிவப்புப் பக்கம் (கேவிட்டி ஒத்ததிர்வுக்குக் கீழே) நகர்ந்தாலே ஆப்டிகல் டேம்பிங் (ஒளியே அதிர்வைத் தணிப்பது) ஏமாற்றிவிடும். கோடு நேராக ஏறினால் குவாண்டமாக இருக்கலாம். பவரின் வர்க்கமாக ஏறினால் லேசரின் சொந்த இன்டென்சிட்டி நாய்ஸ். 1 மில்லிவாட்டுக்கு ஷாட் நாய்ஸ் மட்டம் ஹெர்ட்ஸுக்கு −154 டெசிபல். லேசர் அதற்குக் கீழே இருக்கணும். என்டி-யாக் லேசராக இருந்தால் ரிலாக்சேஷன் ஆசிலேஷன் (லேசர் பவரின் இயல்பான ஊசலாட்டம்) மேடு 1 மெகாஹெர்ட்ஸ் பக்கமே உட்கார்ந்திருக்கும், பாருங்க.

மறுமொழி 2:
நேர்கோட்டையும் நம்ப முடியாது. ஒளியை உறிஞ்சி மெம்பிரேன் சூடாவதும் பவருக்கு நேர்விகிதம்தான். உறுதியான சோதனை ஒன்று உண்டு: ஹோமோடைன் கோணத்தைத் திருப்புங்க. பீக்கின் ஓரத்தில் ஸ்பெக்ட்ரம் ஷாட் நாய்ஸுக்குக் கீழே இறங்கினால், ஒளிக்கும் மெம்பிரேன் இயக்கத்துக்கும் இடையிலான அந்தத் தொடர்பை வெப்பமோ கிளாசிக்கல் நாய்ஸோ தர முடியாது.

இறங்காவிட்டால் முதலில் ஒளி இழப்பைக் கணக்கிடுங்க. பலரும் தவறுவது இங்கேதான்: ஃப்ரிஞ்ச் விசிபிலிட்டி (ஹோமோடைனில் இரு கற்றைகள் எவ்வளவு பொருந்துகின்றன என்பது) 0.96 என்றால் திறன் 0.92, வர்க்கம் எடுக்கணும். கேவிட்டி வெளியேற்றம் 0.9, டயோடு 0.95 எனப் பெருக்கினால் மிஞ்சுவது 0.79.

கேட்டவர்:
அப்போ ஸ்டாண்டர்டு குவாண்டம் லிமிட்டுக்கு (ஷாட் நாய்ஸும் பேக்-ஆக்‌ஷனும் சேர்ந்து அளவீட்டுக்கு வைக்கும் வழக்கமான எல்லை) கீழே போக கோணம் மட்டும் போதுமா?

மறுமொழி 2:
அதிர்வெண் பீக்கை விட்டு விலகிய இடத்தில் மட்டும். சரியாக ஒத்ததிர்வில் அந்தத் தொடர்பு உதவாது. கோபன்ஹேகன் குழு 2019-இல் 1.5 டெசிபல் கீழே போனது இப்படித்தான், ஆனால் அவர்கள் க்யூ 10⁹ அளவில். உங்க 10⁷-இல் வெப்பமே முந்திக்கொள்ளும். ஈர்ப்பலை உணர்கருவியான லைகோ போன வழி வேறு: 300 மீட்டர் ஃபில்ட்டர் கேவிட்டி வழியாக ஸ்க்வீஸ்டு ஒளி (ஒரு பக்கக் குவாண்டம் நாய்ஸைக் குறைத்த ஒளி), 35–75 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் வரை. அதுவும் குவாண்டம் நாய்ஸ் மட்டும், மொத்த நாய்ஸ் அல்ல.