மறு: மார்பகப் புற்று – ‘தரம்’ வேண்டாமே

குழுமத்தார்க்கு வணக்கம்.

> கிரேடுக்குத் ‘தரம்’ என்று வழங்கிவருகிறதே, புதுச்சொல் எதற்கு?

எதற்கென்று சொல்கிறேன், ஐயா. புற்றுச் செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று அறிக்கையில் குறிக்கும் ‘கிரேடு’ (grade) என்பதற்குத் ‘தரம்’ பொருந்தவில்லை, வேறு சொல் வேண்டும் என்கிறேன். காரைக்குடியில் ஒரு ஆச்சிக்குப் பயாப்ஸி அறிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: ‘கட்டம் 1, தரம் 3’. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ஆச்சி கேட்டார்கள்: “மூணாந்தரமுன்னா சொத்தைதானே தம்பி? ஒண்ணாந்தரமா வந்திருந்தாத்தானே பயப்படணும்?” தேக்கானாலும் கண்டாங்கியானாலும் தரம் பார்த்தே வாங்கிய குடும்பம். அவர்கள் கேட்டதில் பிழையே இல்லை. ‘உயர்தரப் புற்று’ என்று எழுதினால் இன்னும் மோசம், பாராட்டுப் போலிருக்கிறது.

கட்டம் (ஸ்டேஜ்) வேறு, கிரேடு வேறு. கட்டி எவ்வளவு பெரிது, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்று பார்ப்பது கட்டம். 2 செ.மீ.க்கு மிகாமல், நெறிக்கும் பரவாமல் இருந்தால் முதல் கட்டம். கிரேடு என்பதோ, நுண்ணோக்கியில் அந்தச் செல்கள் இயல்பான மார்பகச் செல்லிலிருந்து எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பது. 1957இல் புளூம், ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் வகுத்த கிரேடு முறையை 1991இல் எல்ஸ்டனும் எல்லிசும் செம்மைப்படுத்தினார்கள். நாட்டிங்காம் முறை என்பது அதுதான். குழாய் வடிவம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, உட்கரு எவ்வளவு கோணியிருக்கிறது, எத்தனை செல் பிளவுபடுகிறது – மூன்றுக்கும் தலா 1 முதல் 3 மதிப்பெண். கூட்டினால் 3–5 வந்தால் கிரேடு 1. 6–7 என்றால் 2. 8–9 என்றால் 3.

ஆகவே கிரேடுக்கு ‘வீரியம்’ என்று சொல்லலாமே என்றாலும் எனக்கு ஒப்பவில்லை. மூன்றில் ஒன்றுதான் வேகத்தைச் சொல்கிறது. மூன்றுக்கும் பொது, இயல்பு திரிந்திருப்பது. ‘செல்திரிபு’ என்போம்: செல்திரிபு 1, 2, 3. சொல்லாக வேண்டுமானால் குறைதிரிபு, இடைத்திரிபு, மிகுதிரிபு. பால் திரிந்துபோச்சு என்று அடுப்படியில் சொல்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எண் ஏற ஏறக் கூடுதலாகத் திரிந்திருக்கிறது என்பதும் தானே புரியும்.

கொரோனாத் திரிபு, மரபணுத் திரிபு என்றெல்லாம் இருக்கிறதே என்பீர்கள். முன்னால் ‘செல்’ நிற்பதால் குழம்பாது. மரபணுவுக்குப் ‘பிறழ்வு’ இருக்கவே இருக்கிறது.

இதில் நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக்குழு (AJCC) 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டக் கணிப்புக் கையேட்டின் எட்டாம் பதிப்பில், கட்டத்தைக் கணிக்கவே கிரேடையும், புற்றுச் செல்லில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள் உண்டா என்பதையும், ஹெர்2 என்ற புரதத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கட்டியின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், திரிபைப் பொறுத்து நோய்ப்போக்கு மாறும்; கீமோ வேண்டுமா என்ற முடிவும் மாறலாம். அதே சமயம் ‘3’ என்று பார்த்ததும் முற்றிவிட்டது என்று வீட்டார் அழவும் கூடாது. மிகுதிரிபுக் கட்டி முதல் கட்டத்திலேயே பிடிபடுவதுண்டு. குறைதிரிபுக் கட்டிகளைவிட இவை கீமோவுக்கு நன்றாக மசிவதும் உண்டு. அந்த ஆச்சிக்கும் இதைத்தான் விளக்கினேன்.

பால்நாளத்தைத் தாண்டாத பூச்சியக் கட்டப் புற்றுக்கும் குறை, இடை, மிகு என்ற மூன்று படியே உண்டு என்பதால் சொல் அங்கும் பொருந்தும். தேவகோட்டை முகாமுக்கான துண்டறிக்கையில் ‘செல்திரிபு’ என்றே எழுதி, பக்கத்தில் ‘கிரேடு’ என்றும் போடலாமென்றிருக்கிறேன். மருத்துவர் வாயில் வருவது அதுதானே. மறுப்பிருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.