புதுப்பிப்பு: கார் கடன் வட்டியும் கிலோவாட்டும்

சிஓஇ (கார் வைத்திருக்க எடுக்கவேண்டிய உரிமைச் சான்றிதழ்), ஓஎம்வி (இறக்குமதியாகும் காருக்குச் சுங்கத்துறை போடும் மதிப்பு), சிசி (எஞ்சின் கொள்ளளவு) என்று சிங்கப்பூரில் கார் வாங்கும்போது காதில் விழும் சொற்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் வட்டி பற்றியவைதான் அதிகம்.

விற்பனையாளர் "2.5% தான் அண்ணே" என்பார். அது ஃபிளாட் வட்டி, அதாவது கடைசிவரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் போடும் வட்டி. 70,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கடனை 7 ஆண்டில் கட்டினால், ஆண்டுக்கு 1,750 வீதம் வட்டி மட்டும் 12,250. மாதத் தவணை சுமார் 979. கடைசி ஆண்டில் அசல் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும், ஆனால் வட்டி என்னவோ முழு 70,000க்கும்தான்! குறைந்துகொண்டே வரும் அசலை வைத்துக் கணக்குப் போட்டால் உண்மையான விகிதம் சுமார் 4.7%. கடன் தாளில் 'இஐஆர்' (EIR) என்று இருப்பது இதுதான். கடன்களை ஒப்பிட அதைப் பாருங்கள். பாதியில் அடைக்கும் எண்ணம் இருந்தால், ஒப்பந்தத்தில் 'ரூல் 78' (வட்டியின் பெரும்பங்கை முதல் மாதங்களிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறை) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் நினைத்த அளவு வட்டி கழியாது.

ஓஎம்வி 20,000 வெள்ளிக்குள் என்றால் விலையில் 70% வரை கடன், தாண்டினால் 60%. மீதி கைக்காசு.

அப்புறம், 1.5 லிட்டர் டர்போ கார் ஏன் சிஓஇயின் ஏ பிரிவில் (சின்ன கார்களுக்கானது) வரவில்லை என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பெட்ரோல் காருக்கு 1,600 சிசி வரம்போடு எஞ்சின் சக்திக்கு 97 கிலோவாட் வரம்பும் உண்டு. அதாவது 130 குதிரைத்திறன். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் சின்ன எஞ்சினே அதைத் தாண்டிவிடலாம், அப்போது கார் பி பிரிவுக்குப் போய்விடும். மின்சாரக் காருக்குச் சிசி கணக்கே இல்லை. ஏ பிரிவுக்கு 110 கிலோவாட்தான் எல்லை.